வளைவு கடைசியில் எங்கே போய்ச் சேரும்? விகிதமுறு சார்புகளும் தொலைத்தொடுகோடுகளும்

பழைய மேனுவல் கேமரா லென்ஸ் ஒன்றை எடுத்து அதன் ஃபோகஸ் வளையத்தைப் பாருங்கள். 1 மீட்டர், 1.5, 2, 3, 5 என்று எண்கள் போகும். கடைசியில் படுத்துக்கிடக்கும் எட்டு மாதிரி ஒரு குறி: ∞. ஏறக்குறைய அதோடு வளையம் நின்றுவிடும். 1-க்கும் 2-க்கும் நடுவே தாராளமாக இடம் இருக்கும். 5 மீட்டருக்கும் முடிவிலிக்கும் நடுவே கொஞ்சம்தான். எதிர்வீட்டு மொட்டைமாடி, தூரத்து மலை, நிலா எல்லாமே அந்தச் சின்ன இடைவெளிக்குள் அடங்கிவிடும். லென்ஸ் செய்தவர்கள் இடத்தை மிச்சம் பிடிக்கச் செய்த வேலை இல்லை இது. லென்ஸுக்குள் ஒரு விகிதமுறு சார்பு இருக்கிறது, அது அப்படித்தான் நடந்துகொள்ளும்.

ஒரு பல்லுறுப்புக் கோவையை இன்னொரு பல்லுறுப்புக் கோவையால் வகுத்தால் கிடைப்பது விகிதமுறு சார்பு. மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. பின்னம்தான், எண்களுக்குப் பதில் மாறி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவே. பாடப்புத்தகத்தில் எக்ஸ் என்று வரும் மாறியை இந்தக் கட்டுரை முழுக்க ம என்று எழுதுகிறேன். ம² என்றால் ம-வின் வர்க்கம், 2ம என்றால் ம-வின் இரு மடங்கு.

இனி லென்ஸ். குவியத்தொலைவு 50 மி.மீ. உள்ள ஒரு குவிலென்ஸ், அதற்கு முன்னால் ம மி.மீ. தொலைவில் ஒரு பொருள். பிம்பம் லென்ஸுக்குப் பின்னால் எவ்வளவு தொலைவில் விழும்? பத்தாம் வகுப்பு லென்ஸ் சமன்பாட்டைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் இப்படி வரும்:

பிம்பத் தொலைவு = 50ம / (ம − 50)

(பள்ளியில் குறியீட்டு மரபு என்று சொல்லிப் பொருளின் தொலைவைக் குறை எண்ணாக எடுப்பார்கள். இங்கே எல்லாத் தொலைவையும் சாதாரண நீளமாகவே எடுத்துக்கொள்வோம். லென்ஸை மெல்லியது என்றும் வைத்துக்கொள்வோம். கணக்கு தெளிவாக இருக்கும்.)

பொருள் 1 மீட்டரில், அதாவது ம = 1000 என்றால், 50000-ஐ 950-ஆல் வகுக்க 52.63 மி.மீ. பொருள் 5 மீட்டருக்குப் போனால் 50.51. பத்து மீட்டரில் 50.25. நூறு மீட்டரில் 50.03. விடை 50-ஐ நோக்கி இறங்கிக்கொண்டே வருகிறது, ஆனால் இறங்கும் வேகம் குறைந்துகொண்டே போகிறது. 1 மீட்டரிலிருந்து 5 மீட்டருக்கு ஃபோகஸை மாற்ற லென்ஸ் ஏறக்குறைய 2.1 மி.மீ. நகர வேண்டும். 5 மீட்டரிலிருந்து நிலா வரைக்கும் போக அரை மி.மீ. போதும். வளையத்தின் கடைசியில் எண்கள் நெருக்கியடிப்பது இதனால்தான்.

ஏன் 50? சூத்திரத்தை வகுத்துப் பார்த்தால் தெரியும். 50ம-வை (ம − 50)-ஆல் வகுத்தால் ஈவு 50, மீதி 2500:

50ம / (ம − 50) = 50 + 2500 / (ம − 50)

இந்த ஒரு வரியை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது பெரும்பாலும் இதற்குள்ளேயே இருக்கிறது. வலப்பக்கம் இரண்டு துண்டுகள். முதல் துண்டு 50, அது அசையாது. இரண்டாவது துண்டின் மேல் 2500 மட்டும் இருக்கிறது, கீழே ம இருக்கிறது. ம வளர வளர அந்தத் துண்டு தேய்ந்து ஒன்றுமில்லாமல் போகும். நிலா ஏறக்குறைய 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அந்தத் தொலைவை மி.மீ. ஆக்கிப் போட்டால், இரண்டாவது துண்டில் தசமப் புள்ளிக்குப் பிறகு எட்டுப் பூச்சியம் கடந்துதான் ஓர் எண் வரும். மிஞ்சுவது 50.

வரைபடத்தில் இதைப் போட்டால், வலப்பக்கம் போகப் போக வளைவு 50 என்ற உயரத்தில் இருக்கும் கிடைக்கோட்டோடு ஒட்டிக்கொண்டே போகும். அந்தக் கோடுதான் கிடைமட்டத் தொலைத்தொடுகோடு. இலங்கையில் படித்தவர்கள் அணுகுகோடு என்பார்கள். மாறி எல்லையில்லாமல் பெரிதாகும்போது, அல்லது குறைப் பக்கம் எல்லையில்லாமல் போகும்போது, சார்பு என்ன ஆகிறது என்பதற்கு இறுதிப் போக்கு என்று பெயர். வளைவின் இரண்டு ஓரங்களும் எங்கே போகின்றன என்பதே கேள்வி.

பள்ளி ஆய்வகத்தில் தொலைபொருள் முறை என்று ஒரு சோதனை உண்டு. ஜன்னலுக்கு வெளியே தெரியும் மரத்தின் பிம்பத்தை லென்ஸால் திரையில் விழவைத்து, லென்ஸுக்கும் திரைக்கும் உள்ள தொலைவை அளந்து, இதுதான் குவியத்தொலைவு என்று நோட்டில் எழுதுவார்கள். கறாராகப் பார்த்தால் அது குவியத்தொலைவு இல்லை, அதைவிட ஒரு துளி அதிகம். ஆனால் மரம் 50 மீட்டரில் நின்றால், நம்முடைய 50 மி.மீ. லென்ஸுக்கு அந்தத் துளி 0.05 மி.மீ. ஸ்கேலில் அதை யார் பார்க்க முடியும்? வகுப்பில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தச் சோதனையே கிடைமட்டத் தொலைத்தொடுகோட்டை நம்பித்தான் நடக்கிறது.

சரி, இப்போது எதிர்த்திசைக்கு வருவோம். பொருளை லென்ஸுக்குக் கிட்டே கொண்டுவாருங்கள். 60 மி.மீ.யில் வைத்தால் பிம்பம் 300 மி.மீ. பின்னால் விழும். 51-இல் வைத்தால் 2550 மி.மீ., அதாவது இரண்டரை மீட்டர். 50.1-இல் வைத்தால் 25 மீட்டர் தள்ளிப் போய்விடும். ம − 50 என்ற பகுதி பூச்சியத்தை நெருங்குகிறது, மேலே 2500-க்குப் பக்கத்தில் ஓர் எண் அப்படியே நிற்கிறது. பெரிய எண்ணைப் பொடி எண்ணால் வகுத்தால் விடை வெடித்துக் கிளம்பும். சரியாக 50-இல் வைத்தால் பிம்பமே எங்கும் விழாது, கதிர்கள் இணையாக வெளியேறிவிடும். சூத்திரமும் அங்கே கையை விரித்துவிடுகிறது, பூச்சியத்தால் வகுக்க முடியாது. வரைபடத்தில் ம = 50 என்ற இடத்தில் நிற்கும் நேர்க்கோட்டை ஒட்டி வளைவு மேலே ஏறிக்கொண்டே போகும். இது நிலைக்குத்துத் தொலைத்தொடுகோடு.

இன்னும் கிட்டே, 49-க்குக் கொண்டுவந்தால்? விடை −2450. மேலே விண்ணைத் தொட்ட வளைவு, கோட்டைத் தாண்டியதும் பாதாளத்திலிருந்து கிளம்புகிறது. இந்தக் குறை எண்ணுக்கும் அர்த்தம் உண்டு. பிம்பம் திரையில் விழாது, பொருள் இருக்கும் அதே பக்கத்தில் பெரிதாகத் தெரியும். பூதக்கண்ணாடியைச் செய்தித்தாளுக்கு மிக அருகில் பிடித்து எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கும்போது, நீங்கள் இந்த வளைவின் கீழ்ப் பகுதியில் இருக்கிறீர்கள்.

ஒரே சார்பில் இரண்டு விதமான கோடுகளையும் பார்த்துவிட்டோம். இரண்டும் இரண்டு வேறு கேள்விகளுக்கான பதில்கள். நிலைக்குத்துக் கோடு, பகுதி எங்கே பூச்சியமாகிறது என்ற கேள்விக்கு. கிடைமட்டக் கோடு, ம வெகுதூரம் போனால் என்ன மிஞ்சும் என்ற கேள்விக்கு. மாணவர்கள் குழம்புவது பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கலக்குவதால்தான். அதனால் இவற்றைத் தனித்தனியாகவே எடுத்துக்கொள்வோம்.

தூரத்தில் யார் கை ஓங்கும்?

இந்தச் சார்பைப் பாருங்கள்:

(3ம² + 500ம + 1000) / (ம² + 1)

பாடப்புத்தகத்தில் விதி இருக்கிறது: மேலும் கீழும் படி சமம் என்றால், உயர்படி உறுப்புகளின் கெழுக்களை மட்டும் வகுத்தால் போதும். (படி என்றால் கோவையில் ம-வின் மிக உயர்ந்த அடுக்கு, கெழு என்றால் ம-வுக்கு முன்னால் நிற்கும் எண்.) இங்கே 3-ஐ 1-ஆல் வகுக்க 3. ஆக, 3 என்ற உயரத்தில் கிடைமட்டத் தொலைத்தொடுகோடு. ஆனால் மேலே 500 என்ற பெரிய எண் உட்கார்ந்திருக்கிறதே, அதை எப்படிக் கண்டுகொள்ளாமல் விடுவது? எண்களைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

ம = 10 என்றால் விடை 62.4
ம = 100 என்றால் 8.10
ம = 1,000 என்றால் 3.50
ம = 10,000 என்றால் 3.05
ம = 1,00,000 என்றால் 3.005

ம பத்தாக இருக்கும்போது 3ம² வெறும் 300, 500ம-வோ 5000. அங்கே 500-இன் ராஜ்யம்தான். ம நூறிலும் அதன் கை மேலே. ஆயிரத்துக்கு வரும்போது 3ம² முப்பது லட்சம், 500ம ஐந்து லட்சம். லட்சத்துக்குப் போனால் 3ம² மூவாயிரம் கோடி, 500ம ஐந்து கோடி. மூவாயிரம் கோடி புழங்கும் இடத்தில் ஐந்து கோடியைச் சில்லறையாகத்தான் பார்ப்பார்கள். கெழு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி, படி அதிகமுள்ள உறுப்பு ஒரு கட்டத்தில் அதை முந்திவிடும். அந்தக் கட்டம் சீக்கிரம் வருமா, தாமதமாக வருமா என்பதை மட்டுமே கெழு முடிவு செய்யும்.

இதை வகுத்தும் பார்க்கலாம். மேலும் கீழும் ம²-ஆல் வகுத்தால் மேலே 3 + 500/ம + 1000/ம², கீழே 1 + 1/ம² என்று வரும். ம வளர வளர, ம கீழே இருக்கும் துண்டுகள் எல்லாம் பூச்சியத்தை நோக்கிப் போகும். மிஞ்சுவது 3/1. தேர்வில் இந்த வழியில் எழுதினால் பாதுகாப்பு. சில பேர் ம இருக்கும் இடத்தில் முடிவிலியைப் போட்டு, மேலேயும் ∞ கீழேயும் ∞, ஆகவே 1 என்று எழுதிவிடுவார்கள். முடிவிலி ஓர் எண் இல்லை, அதை அடித்துச் சுருக்க முடியாது. மேலே உள்ள கணக்கில் அப்படி அடித்திருந்தால் 3 வர வேண்டிய இடத்தில் 1 வந்திருக்கும்.

படி சமமாக இல்லாவிட்டால் என்ன? பகுதியின் படி அதிகம் என்றால் கதை சுருக்கம். 4ம / (ம² + 1) மாதிரி. பத்தில் 0.396, நூறில் 0.04, அப்படியே பூச்சியத்துக்குப் போய்விடும். தொலைத்தொடுகோடு கிடை அச்சேதான்.

தொகுதியின் படி அதிகம் என்றால்தான் சுவாரசியம். (ம² + 1) / (ம − 1) என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே கிடைமட்டக் கோடு கிடையாது, விடை வளர்ந்துகொண்டே போகும். நிறையப் பேர் இதோடு கணக்கை மூடிவிடுகிறார்கள். ஆனால் எப்படி வளர்கிறது என்று கேட்க வேண்டாமா? லென்ஸுக்குச் செய்ததையே செய்வோம், வகுப்போம். ம²-ஐ ம-வால் வகுக்க ம. ம-வை (ம − 1)-ஆல் பெருக்க ம² − ம. கழித்தால் மிச்சம் ம + 1. அதை மறுபடி (ம − 1)-ஆல் வகுக்க ஈவு 1, மீதி 2. ஆக,

(ம² + 1) / (ம − 1) = (ம + 1) + 2 / (ம − 1)

பழைய கதைதான். தேய்ந்து போகும் துண்டு 2/(ம − 1). அது போனபின் மிஞ்சுவது இந்த முறை ஒரு நிலையான எண் இல்லை, ம + 1 என்ற நேர்க்கோடு. ம = 11 என்றால் கோட்டின் உயரம் 12, வளைவின் உயரம் 12.2. ம = 101 என்றால் கோடு 102, வளைவு 102.02. வளைவு அந்தச் சாய்ந்த கோட்டோடு ஒட்டிக்கொண்டே மேலேறுகிறது. இதற்குப் பெயர் சாய்ந்த தொலைத்தொடுகோடு. தொகுதியின் படி பகுதியின் படியைவிடச் சரியாக ஒன்று அதிகமாக இருந்தால் இது கிடைக்கும்.

இரண்டு அதிகமாக இருந்தால்? (ம³ + 1) / ம என்பதை வகுத்தால் ம² + 1/ம. தூரத்தில் மிஞ்சுவது ம², அதாவது கிண்ணம் மாதிரி விரியும் ஒரு பரவளையம். வளைவு ஒரு நேர்க்கோட்டோடு ஒட்டாமல் ஒரு பரவளையத்தோடு ஒட்டிப் போகிறது. பள்ளிப் பாடத்தில் இதற்கு இடம் இல்லை, ஆனால் பயப்பட இதில் ஒன்றும் இல்லை. நியூட்டன் 1704-இல் ஒளியியல் நூலின் பின்னிணைப்பாக, மூன்றாம் படி வளைவுகளை வகைப்படுத்தி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் இந்த வகை வளைவுக்குத் திரிசூலம் என்று பெயர் வைத்தார். நிலைக்குத்து அச்சின் இருபுறமும் பரவளையத்தின் கைகள், நடுவே அச்சை ஒட்டி ஏறும் ஒரு முனை. வரைந்து பார்த்தால் பெயர் பொருத்தம் என்பீர்கள். லென்ஸ் சூத்திரத்தை 50 + 2500/(ம − 50) என்று நாம் பிரித்தோமே, அந்த வடிவத்தையும் ஒளியியல்காரர்கள் நியூட்டன் வடிவம் என்றுதான் சொல்வார்கள்.

ஆகவே படி சிறியது, படி சமம், படி பெரியது என்று மூன்று விதிகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை. வகுத்து ஈவை எடுங்கள். ஈவு பூச்சியமா, எண்ணா, நேர்க்கோடா, பரவளையமா, எதுவோ அதுதான் வளைவின் இறுதிப் போக்கு. மீதியின் படி பகுதியின் படியைவிட எப்போதும் குறைவாகவே இருக்கும் என்பதால், அந்தத் துண்டு தேய்ந்தே தீரும். மூன்று விதிகளும் இந்த ஒன்றின் பிள்ளைகள். ஈவு ஒன்றுதான் என்பதால் இன்னொன்றும் இலவசமாகக் கிடைக்கிறது: ஒரு விகிதமுறு சார்புக்குக் கிடைமட்டக் கோடும் சாய்ந்த கோடும் சேர்ந்து இருக்க முடியாது, இருப்பது ஒன்றுதான், இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் அதே கோடுதான். வர்க்கமூலம் கலந்த சார்புகளில் இடது பக்கம் ஒரு கோடும் வலது பக்கம் வேறு கோடும் வரலாம். இங்கே அந்தத் தொல்லை இல்லை.

வெட்டலாமா, கூடாதா?

தொலைத்தொடுகோட்டை வளைவு தொடவே தொடாது என்று ஒரு வாசகம் எப்படியோ எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. லென்ஸ் வளைவுக்கு அது உண்மை, 2500/(ம − 50) ஒருபோதும் பூச்சியமாகாது. பெர்காவைச் சேர்ந்த அப்பல்லோனியஸ் கி.மு. 200-ஐ ஒட்டிக் கூம்பு வெட்டுகள் பற்றி எழுதிய நூலில் அதிபரவளையத்தின் தொலைத்தொடுகோடுகளை விரிவாக ஆராய்ந்தார். அதிபரவளையத்துக்கும் அது உண்மை. ஆனால் எல்லா விகிதமுறு சார்புக்கும் அதை நீட்ட முடியாது. 4ம/(ம² + 1) என்று சற்று முன்பு பார்த்தோமே, அதன் தொலைத்தொடுகோடு கிடை அச்சு. ம = 0 என்றால் விடை 0. அச்சை நட்டநடுவில் வெட்டிக்கொண்டு போகிறது.

இன்னொன்றைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்:

(2ம² + ம − 5) / (ம² + 1) = 2 + (ம − 7) / (ம² + 1)

ஈவு 2, எனவே தொலைத்தொடுகோடு 2. மீதித் துண்டின் மேலே ம − 7 இருக்கிறது. ம = 7 என்றால் அது பூச்சியம். அதாவது ஏழில் வளைவு கோட்டை வெட்டுகிறது. சரிபார்த்துவிடலாம்: மேலே 98 + 7 − 5 = 100, கீழே 50, விடை 2. ஏழுக்கு முன்னால் ம − 7 குறை எண், வளைவு கோட்டுக்குக் கீழே. ம = 0-இல் −5 வரை கிடக்கிறது. ஏழைத் தாண்டியதும் கோட்டுக்கு மேலே வருகிறது. 14-ஐ ஒட்டி 2.036 வரை ஏறுகிறது, அப்புறம் மெல்லத் திரும்பி, நூறில் 2.009 என்று கோட்டை நோக்கி இறங்குகிறது. இடது பக்கம் −10-இல் 1.83, −100-இல் 1.989, அதாவது கீழிருந்து ஏறி வந்து ஒட்டுகிறது. ஒரே கோடு, ஒரு பக்கம் மேலிருந்து, மறு பக்கம் கீழிருந்து. மீதித் துண்டின் குறியைப் பார்த்தாலே இதெல்லாம் தெரிந்துவிடும், வரைபடம் போட வேண்டிய அவசியம்கூட இல்லை.

கிடைமட்டக் கோடும் சாய்ந்த கோடும் ஓரத்தைப் பற்றி மட்டுமே பேசுகின்றன. நடுவில் வளைவு என்ன ஆட்டம் போட்டாலும் அவை கேட்காது. நிலைக்குத்துக் கோட்டின் கதை வேறு. அந்த இடத்தில் சார்புக்கு மதிப்பே கிடையாது, ஆகவே அதை எந்த விகிதமுறு சார்பும் வெட்ட முடியாது. தொடவே தொடாது என்ற வாசகம் நிலைக்குத்துக் கோட்டுக்குத்தான் முழுசாகப் பொருந்தும்.

பகுதி பூச்சியமானால் உடனே கோடு போட்டுவிடாதீர்கள்

(ம² − 4) / (ம − 2) என்ற சார்பில் ம = 2 என்றால் பகுதி பூச்சியம். அங்கே நிலைக்குத்துத் தொலைத்தொடுகோடு என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். மேலே (ம − 2)(ம + 2) என்று காரணிப்படுத்தினால் (ம − 2) அடிபட்டு, ம + 2 என்ற சாதாரண நேர்க்கோடு மிஞ்சுகிறது. ம = 1.99 என்றால் விடை 3.99, ம = 2.01 என்றால் 4.01. எதுவும் வெடிக்கவில்லை. ஆனால் சரியாக ம = 2-இல் மேலேயும் பூச்சியம் கீழேயும் பூச்சியம், மதிப்பு இல்லை. நேர்க்கோட்டில் ஒரே ஒரு புள்ளி மட்டும் காணாமல் போயிருக்கிறது. இதைத் துளை என்பார்கள், வரைபடத்தில் சின்னதாக ஒரு வட்டம் போட்டுக் காட்டுவது வழக்கம்.

எனவே முதல் வேலை காரணிப்படுத்திச் சுருக்குவது. சுருக்கிய பிறகும் பகுதியில் எந்தக் காரணி தங்குகிறதோ, அது பூச்சியமாகும் இடத்தில்தான் கோடு. இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: (ம − 2) / (ம − 2)² என்றால் மேலே இருக்கும் காரணி கீழே ஒன்றை மட்டும் அடிக்கும், இன்னொன்று தங்கிவிடும். அங்கே துளை இல்லை, கோடுதான். பொதுக் காரணி கண்ணில் பட்டதும் துளை என்று எழுதுபவர்கள் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

கோட்டின் இருபுறமும் வளைவு எந்தப் பக்கம் போகிறது என்பதற்குக் குறி போதும். கோட்டுக்குக் காரணமான காரணியின் படி ஒற்றைப்படை என்றால், தாண்டும்போது குறி மாறும், ஒரு பக்கம் மேலே போனால் மறு பக்கம் கீழே. லென்ஸில் நடந்தது அதுதான். 1/(ம − 2)² மாதிரி இரட்டைப்படை என்றால் வர்க்கம் குறியை விழுங்கிவிடும், இரண்டு பக்கமும் ஒரே திசையில் போகும்.

இப்போது எல்லாம் சேர்ந்த கணக்கு ஒன்று:

(2ம² − 2ம − 12) / (ம² − 2ம − 3)

காரணிப்படுத்தினால் மேலே 2(ம − 3)(ம + 2), கீழே (ம − 3)(ம + 1). (ம − 3) முழுதாக அடிபடுகிறது, ஆகவே ம = 3-இல் துளை. மிஞ்சுவது 2(ம + 2)/(ம + 1). இதை வகுத்தால் 2 + 2/(ம + 1). இந்த ஒரு வரியிலிருந்து எல்லாவற்றையும் படித்துவிடலாம். இறுதிப் போக்கு 2. நிலைக்குத்துக் கோடு ம = −1. அதன் வலப்பக்கம் 2/(ம + 1) மிகை எண், வளைவு மேலே போகும். இடப்பக்கம் குறை எண், கீழே போகும். வலது ஓரத்தில் கோட்டுக்கு மேலிருந்து ஒட்டும், இடது ஓரத்தில் கீழிருந்து. துளையின் உயரம் 2 + 2/4 = 2.5. கிடை அச்சை வெட்டும் இடம் −2, நிலை அச்சை வெட்டும் இடம் 4. கிடைமட்டத் தொலைத்தொடுகோட்டை வெட்டுமா? 2/(ம + 1) ஒருபோதும் பூச்சியமாகாது, வெட்டாது. இரண்டு கோடுகளைப் புள்ளிக்கோடாகப் போட்டு, −2-ஐயும் 4-ஐயும் குறித்து, மூன்றில் ஒரு சின்ன வட்டம் வைத்தால் வரைபடம் முடிந்தது.

டெஸ்மோஸ், ஜியோஜீப்ரா போன்ற வரைபட மென்பொருள்களில் போட்டுச் சரிபார்ப்பது நல்ல பழக்கம். இரண்டு இடங்களில் மட்டும் கவனம் வேண்டும். துளை ஒரே புள்ளி என்பதால் திரையில் பெரும்பாலும் தெரியாது, கோடு தொடர்ந்து போவது போலவே இருக்கும். இன்னொன்று, சில மென்பொருள்களும் கிராஃப் போடும் கால்குலேட்டர்களும் மேலே போன வளைவையும் கீழிருந்து வந்த வளைவையும் ஒரு செங்குத்துக் கோட்டால் இணைத்துவிடும். புள்ளிகளை வரிசையாக இணைத்துக்கொண்டே போகும் இயந்திரத்துக்கு நடுவில் ஒரு பள்ளம் இருப்பது தெரியாது. அந்தக் கோடு வளைவைச் சேர்ந்தது இல்லை. அதோடு, திரையைச் சுருக்கி விரித்துப் பார்க்காமல் இறுதிப் போக்கைப் பற்றி முடிவுக்கு வராதீர்கள். மேலே பார்த்த 500ம சார்பை −10 முதல் 10 வரை மட்டும் வரைந்தால் 3 என்ற கோடு இருப்பதே தெரியாது.

கேள்வித்தாளில் சில சமயம் தலைகீழாகக் கேட்பார்கள்: ம = 4-இல் நிலைக்குத்துத் தொலைத்தொடுகோடு, 3-இல் கிடைமட்டத் தொலைத்தொடுகோடு, ஆதிப்புள்ளி வழியாகப் போக வேண்டும், அப்படி ஒரு சார்பு தருக. ஈவு-மீதி வடிவத்தில் யோசித்தால் இது சுலபம். ஈவு 3 என்று போடுங்கள், தேயும் துண்டின் கீழே (ம − 4) வையுங்கள், மேலே ஏதோ ஓர் எண், அதைக் க என்போம்: 3 + க/(ம − 4). ம = 0 என்றால் விடை 0 ஆக வேண்டும், அதாவது 3 − க/4 = 0, க = 12. சேர்த்து எழுதினால் 3ம/(ம − 4).

விடை இது ஒன்றுதானா என்றால் இல்லை. கீழே (ம − 4)² வைத்தும் செய்யலாம். 3 + க/(ம − 4)² என்று எடுத்தால், ம = 0-இல் 3 + க/16 = 0, க = −48. சேர்த்தால் 3ம(ம − 8)/(ம − 4)² என்று வரும். கேட்ட மூன்று நிபந்தனையும் இதற்கும் பொருந்தும். ஆனால் முதல் சார்பு நான்கைத் தாண்டும்போது பாதாளத்திலிருந்து உச்சிக்குத் தாவும். இது இரண்டு பக்கமும் கீழேதான் விழும். 3 என்ற கோட்டை அணுகுவதிலும் வித்தியாசம் உண்டு. முதலாவது வலது ஓரத்தில் மேலிருந்தும் இடது ஓரத்தில் கீழிருந்தும் வரும், இரண்டாவது இரு ஓரத்திலும் கீழிருந்தே வரும். இரண்டையும் கையால் ஒரு முறை வரைந்துவிட்டு, (ம − 4)³ வைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.